சுருள்பாசியிலிருந்து நீல நிறம்: வெயில் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

என் முதல் தொட்டி செத்தது ஒரு மதியம் 2 மணிக்கு. காலையில் நல்ல கரும்பச்சையாக இருந்தது. மதியம் போய்ப் பார்த்தால் மேலே பழுப்பாக ஒரு ஆடை, கீழே தண்ணீர் என்னவோ போல இருந்தது. வெப்பமானியை விட்டேன், 44 டிகிரி. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, 10 சென்டிமீட்டர் ஆழம், தலைக்கு மேல் நிழல் கிடையாது. வேறென்ன ஆகும்? மாலையில் ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். தண்ணீர் லேசான நீலமாக இருந்தது. நான் மாதக்கணக்கில் எடுக்க நினைத்திருந்த நிறம், செல்கள் வெடித்துத் தானாகவே வெளியே வந்திருந்தது. மறுநாள் வெயிலில் அதுவும் வெளுத்துவிட்டது.

அந்த ஒரு நாளில் இந்தத் தொழிலின் முக்கால்வாசி பாடம் அடங்கியிருக்கிறது. வெயில் ஊரில் சுருள்பாசியை வளர்ப்பது பெரிய வித்தையில்லை, சூடு அதற்குப் பிடித்ததுதான். ஆனால் அதற்குள் இருக்கும் நீல நிறத்துக்கு வெயிலும் ஆகாது, சூடும் ஆகாது. சத்துக்காக வளர்ப்பவர் செய்வதை அப்படியே நாமும் செய்தால் பச்சை நிறையக் கிடைக்கும், நீலம் கிடைக்காது. நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஏமாந்தேன்.

சுருள்பாசி என்று நாம் சொல்லும் ஸ்பைருலினா உண்மையில் பாசியே இல்லை. சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். விஞ்ஞானப் பெயர் ஆர்த்ரோஸ்பைரா. அண்மையில் லிம்னோஸ்பைரா என்றும் மாற்றியிருக்கிறார்கள். சோடா உப்பு நிறைந்த, காரத்தன்மை மிகுந்த, சூடான ஏரிகள்தான் அதன் பிறந்தகம். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பக்கம் கனெம்பு பெண்கள் அதை வடித்து மணலில் காயவைத்து அடையாக விற்கிறார்கள். மெக்சிகோவின் டெஸ்கோகோ ஏரியில் அஸ்டெக் மக்களும் அதை அள்ளியிருக்கிறார்கள். ஆக, வெயிலுக்குப் பயந்த உயிரில்லை இது.

நீலத்தின் பெயர் பைகோசயனின். அது ஒரு புரதம். இதை மனதில் நிறுத்திக்கொண்டால் பின்னால் வரும் பாதி விஷயம் தானே விளங்கும். புரதம் சூட்டில் திரியும், புளிப்பில் திரியும், பாக்டீரியா தின்னும், வெயிலில் வெளுக்கும். பாசிக்குள் அதன் வேலை ஒளியைப் பிடிக்கும் ஆன்டெனா. வெளிச்சம் குறைவாக இருந்தால் பாசி ஆன்டெனாவைப் பெருக்கிக்கொள்ளும். வெளிச்சம் அளவுக்கு மீறினால், எதற்கு வீண் செலவு என்று குறைத்துக்கொள்ளும். நைட்ரஜனுக்குத் தட்டுப்பாடு வந்தால் தன் ஆன்டெனாவையே தின்று பிழைக்கும். நல்ல நிலையில் வளர்ந்த பாசியின் உலர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பைகோசயனின் இருக்கும். மோசமாக வளர்ந்ததில் பாதிகூடத் தேறாது.

தொட்டி

முதல்முறை செய்பவர் 100 லிட்டருக்கு மேல் போக வேண்டாம். வெள்ளை அல்லது வெளிர் நிறத் தொட்டி, உணவுத் தர பிளாஸ்டிக், அகலமாக இருக்கட்டும். தண்ணீர் ஆழம் 20 சென்டிமீட்டர். மிதமான ஊர்களில் 15 போதும் என்பார்கள். நமக்கு அந்தக் கூடுதல் 5 சென்டிமீட்டர்தான் காப்பு, ஆழம் கூடினால் சூடு ஏறுவது மெதுவாகும். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் 100 லிட்டர் என்றால் அரை சதுர மீட்டர் பரப்பு. ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உலர் பாசி கிடைத்தால் நல்ல அறுவடை. ஆக உங்கள் தொட்டியில் இரண்டரை கிராம்; அதில் நீலம் கால் கிராம். கேட்கக் கொஞ்சமாக இருக்கும். பைகோசயனினுக்கு நிறச் செறிவு அதிகம், கால் கிராம் நீலம் ஒரு லிட்டர் தண்ணீரை ஆழ்ந்த நீலமாக்கிவிடும். ஆனாலும் தொடங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு மனசு விட்டுப்போகாது.

மேலே 50 சதவீத நிழல்வலை. தொட்டியோடு ஒட்டிக் கட்டாமல் ஆள் உயரத்தில் கட்டுங்கள். இடையில் காற்று ஓட வேண்டும். காற்று ஓடினால் தண்ணீர் ஆவியாகும், ஆவியானால் தொட்டி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். வலையை ஒட்டிக் கட்டினால் அந்த வேலை நின்று, உள்ளே புழுங்கும். கொசுவலை ஒன்று தனியாகத் தொட்டியின் வாயில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மட்டும் மேலே ஒரு சாய்வான பிளாஸ்டிக் விரிப்பு தேவைப்படும். ஒரு கனமழை தொட்டியை நிரப்பி வழியவிட்டுவிட்டால் உப்பும் போய்விடும், பாசியும் போய்விடும்.

கரைசல்

1966-இல் ஸாரூக் என்பவர் பாரிஸில் செய்த ஆய்விலிருந்து வந்த கலவைதான் இன்றும் எல்லோரும் அளவுகோலாக வைத்திருப்பது. ஒரு லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, 2.5 கிராம் சோடியம் நைட்ரேட், 1 கிராம் உப்பு, 1 கிராம் பொட்டாசியம் சல்பேட், 0.5 கிராம் டைபொட்டாசியம் பாஸ்பேட்; 0.2 கிராம் மக்னீசியம் சல்பேட், 0.04 கிராம் கால்சியம் குளோரைடு, 0.01 கிராம் இரும்பு சல்பேட்; 0.08 கிராம் இடிடிஏ, அதாவது இரும்பைப் படியவிடாமல் கரைசலில் கட்டி வைக்கும் வேதிப்பொருள். அப்புறம் போரான், மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, மாலிப்டினம் அடங்கிய நுண்சத்துக் கரைசல் 1 மில்லி.

தாய்க்கல்ச்சரை, அதாவது விதைக்காகத் தனியே காப்பாற்றி வைக்கும் பாசியை, இந்த முழுக் கலவையில்தான் வைத்திருக்கிறேன். பெரிய தொட்டிக்கு எளிய கலவை ஒன்று போதும்: லிட்டருக்கு 8 கிராம் சமையல் சோடா, 5 கிராம் அயோடின் கலக்காத உப்பு, 2 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், 0.2 கிராம் மக்னீசியம் சல்பேட், 0.1 கிராம் மோனோஅம்மோனியம் பாஸ்பேட், கூடவே இடிடிஏவில் கட்டிய இரும்பு ஒரு சிட்டிகை. வெறும் இரும்பு சல்பேட்டைப் போட்டால் இவ்வளவு காரமான தண்ணீரில் அது துருவாகிக் கீழே உட்கார்ந்துவிடும். பாசி பட்டினி கிடக்கும்.

யூரியா சேர்க்கலாமா என்று கேட்பார்கள். மலிவு, வேகமாகவும் வளரும். ஆனால் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 10 இருக்கும் தண்ணீரில் யூரியா சிதைந்தால் வருவது அம்மோனியா, சூட்டில் அது இன்னும் வேகமாக வரும். கை கொஞ்சம் தவறினாலும் தொட்டி காலி. வெயில் ஊரில் நான் யூரியா பக்கமே போவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஒரே ஒரு விதி. கடினநீர் வேண்டாம். சுண்ணாம்பு அதிகமுள்ள நீரில் சோடாவைக் கொட்டியதும் பால் மாதிரி வெளுத்து, வெள்ளையாக அடியில் படியும். அதோடு உங்கள் பாஸ்பேட்டும் போய்விடும். மழைநீர், ஆர்.ஓ. நீர் இரண்டும் நல்லவை. குழாய் நீரில் குளோரின் இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

விதை

தாய்க்கல்ச்சரை நம்பகமான கல்ச்சர் சேகரிப்பிலிருந்தோ, நுண்ணோக்கியில் காட்டித் தரக்கூடிய வளர்ப்பாளரிடமிருந்தோ வாங்குங்கள். குளத்தில் பச்சையாக மிதப்பதை அள்ளி வந்து வளர்க்காதீர்கள். இதே சயனோபாக்டீரியா குடும்பத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒன்று உண்டு. கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் செய்வது அது. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. 100 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி ஒன்று இருந்தால் போதும், சுருளைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

வாங்கிய கல்ச்சரை நேராக 100 லிட்டரில் ஊற்றாதீர்கள். 1 லிட்டரை 5 லிட்டர் ஆக்குங்கள், பச்சை அடர்ந்ததும் 20, அப்புறம் 100. ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாள் நிழலில் வைக்க வேண்டும். நீர்த்த கல்ச்சரில் ஒரு செல்லுக்கு இன்னொரு செல்லின் நிழல் கிடையாது. நேர் வெயில் அதைச் சுட்டுவிடும். அடர்ந்த பிறகு அவை ஒன்றுக்கொன்று குடை பிடித்துக்கொள்ளும்.

வெயிலோடு மல்லுக்கட்டுவது

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சுருள்பாசிக்கு மிகப் பிடித்த வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி. 38 வரை நான் கவலைப்படுவதில்லை. 40-ஐத் தொட்டால் கை வைத்தாக வேண்டும். கவனியுங்கள், இது தண்ணீரின் வெப்பநிலை, காற்றினுடையது இல்லை. காற்று 42 இருக்கும் நாளில் நல்ல நிழலும் காற்றோட்டமும் உள்ள தொட்டி 35-இல் நிற்கும். காற்று 36 இருக்கும் நாளில் கறுப்புத் தொட்டி 44-ஐத் தொட்டதை முதலிலேயே சொன்னேன். ஆகவே வெப்பமானியைத் தொட்டிக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், மதியம் 2 மணிக்கும் 4 மணிக்கும் பாருங்கள். நண்பகலில் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், தண்ணீரின் உச்சம் அதற்குப் பிறகுதான் வரும்.

ஏறினால் என்ன செய்வது? தொட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு. மேலே இரண்டாவது அடுக்கு நிழல்வலை. அவசரத்துக்கு, உறைய வைத்த 2 லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்கள் இரண்டை மூடியோடு மிதக்கவிடலாம். சில்லென்ற தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள்; சட்டென்று உப்பு மாறுவதும் வெப்பம் மாறுவதும் சேர்ந்தால் பாசிக்குத் தாங்காது.

ஆவியாதல் நம் நண்பன், ஆனால் கணக்கு கேட்கும் நண்பன். கொளுத்தும் நாட்களில் ஒரு சென்டிமீட்டர் வரை இறங்கும். 100 லிட்டர் தொட்டியில் அது 5 லிட்டர். தொட்டியின் உள்சுவரில் அழியாத மார்க்கரில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தினமும் சாயங்காலம் அந்தக் கோடு வரை வெறும் நல்ல தண்ணீர் ஊற்றுவேன். கரைசலை ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. ஒருமுறை வெளியூர் போனபோது தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் நல்ல எண்ணத்தில் தினமும் கரைசலையே ஊற்றிவைத்தார். திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் உப்புப் பொருக்கு.

வெயிலைவிட நுட்பமான ஒரு ஆபத்து, குளிர்ந்த காலையில் அடிக்கும் நேர் வெயில். இரவில் தண்ணீர் 22, 23-க்கு இறங்கியிருக்கும். பாசி இன்னும் சோம்பலில் இருக்கும். அந்த நேரத்தில் கீழ்வானத்திலிருந்து வெயில் சாய்வாக வலைக்கு அடியில் புகுந்து தொட்டியில் விழும். செல்லால் அவ்வளவு ஒளியைச் செலவழிக்க முடியாது. நிறம்தான் முதலில் அடிபடும். என் தொட்டியின் கிழக்குப் பக்கம் வெளுத்துக்கொண்டே போன மர்மம் எனக்கு விளங்க ஆறு மாதம் ஆயிற்று. கிழக்கே ஒரு தட்டி வைத்தேன், தீர்ந்தது.

கலக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். சுருள்பாசிக்குள் காற்றுப்பைகள் உண்டு. சும்மா விட்டால் எல்லாம் மேலே வந்து ஆடையாக மிதக்கும். மேலே இருப்பது கருகும், கீழே இருப்பது பசித்திருக்கும். மீன் தொட்டிக் காற்றுப் பம்பு ஒன்று போதும். நுரைக்கல் வேண்டாம், குழாயை அப்படியே விடுங்கள், பெரிய குமிழிதான் நன்றாகப் புரட்டும். மின்சாரம் இல்லாவிட்டால் ஒரு மெல்லிய துடைப்பத்தால் பகலில் ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துழாவினால் சரி. நீரேற்றும் மோட்டாரைப் போட்டுச் சுழற்றாதீர்கள். சுருள் அறுந்து துண்டாகிவிடும், பிறகு துணியில் நிற்காது.

நீலத்தைக் கூட்டும் கடைசி மூன்று நாள்

வளரும் காலத்தில் ஒற்றை வலை. அறுவடைக்கு மூன்று நாள் முன்பு இன்னொரு வலையை இழுத்துவிடுவேன். வளர்ச்சி மந்தமாகும், எடை கொஞ்சம் குறையும். ஆனால் பாசி இருட்டுக்கு ஏற்றபடி ஆன்டெனாவைப் பெருக்கும். தண்ணீரின் நிறமே மாறுவது தெரியும். முதலில் இலைப்பச்சையாக, கொஞ்சம் மஞ்சள் கலந்தாற்போல இருந்தது, மூன்றாம் நாள் காலையில் நீலம் கலந்த கரும்பச்சையாக நிற்கும். கிட்டத்தட்ட மயில் கழுத்து.

அதே மூன்று நாளில் நைட்ரேட் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாசியின் உலர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன். பொட்டாசியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் சுமார் 14 சதவீதம். ஆக 100 கிராம் உலர் பாசி எடுத்தால் தொட்டியிலிருந்து 70 கிராமுக்கு மேல் பொட்டாசியம் நைட்ரேட் போயிருக்கிறது என்று கணக்கு. பிழியும் நீரோடும் கொஞ்சம் போவதால் நான் 90 கிராம் திருப்பிப் போடுகிறேன். சுருள்பாசி காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்காது. நாம் போட்டால்தான் உண்டு. "போன மாதம்தானே போட்டேன்" என்று அசட்டையாக இருந்து ஒரு முழுத் தொட்டியை மஞ்சளாக்கியிருக்கிறேன். பாசி சாகவில்லை, நன்றாகத்தான் இருந்தது. நீலம் மட்டும் சுத்தமாக இல்லை. பூட்டிய வீட்டில் இருப்பதைத் தின்று தீர்ப்பதுபோல் தன் நிறத்தைத் தின்றிருந்தது.

பிஹெச் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், தாள் போதாது. புதுக் கரைசல் 8.5 பக்கம் தொடங்கும். பாசி கார்பனை இழுக்க இழுக்க ஏறும். 9.5 முதல் 10.5 வரை நல்ல இடம். அந்தக் காரத்தில் வேறு எதுவும் எளிதில் வளராது, அதுதான் நமக்கு வேலி. 10.8-ஐத் தாண்டினால் கார்பன் தீர்கிறது என்று பொருள். கொஞ்சம் பழைய நீரை எடுத்துவிட்டு சமையல் சோடா கரைத்து ஊற்ற வேண்டும்.

அறுவடை

குச்சியின் நுனியில் ஒரு வெள்ளை மூடியை ஒட்டிக்கொள்ளுங்கள், குச்சியில் சென்டிமீட்டர் கோடுகள். தொட்டியை நன்றாகக் கலக்கிவிட்டு, மூடியைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். 3 சென்டிமீட்டர் ஆழத்திலேயே மூடி கண்ணுக்கு மறைந்தால் எடுக்கலாம். 5 சென்டிமீட்டர் வரை தெரியும் அளவுக்கு எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுக்க வழித்தால் மிச்சமிருப்பதை வெயில் சுட்டுவிடும்.

நேரம் விடியற்காலை, வெயில் வருமுன். இரவில் பாசி தன் மாவுச்சத்தை எரித்துத் தீர்த்திருக்கும், அதனால் எடையில் புரதத்தின் பங்கு கூடுதலாக இருக்கும். தண்ணீரும் குளிர்ந்திருக்கும்.

30 முதல் 50 மைக்ரான் கண்ணுள்ள நைலான் துணியில் மெதுவாக ஊற்றுங்கள். வடியும் நீர் வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் எல்லாம் சரி. பச்சையாகவே வடிந்தால் குளோரெல்லா போன்ற சிறுபாசி உள்ளே நுழைந்திருக்கிறது, அல்லது உங்கள் சுருள்கள் அறுந்திருக்கின்றன. நீலமாக வடிந்தால் செல் உடைகிறது. இந்த மூன்றையும் பார்க்கப் பழகிவிட்டால் பாதிச் சோதனைக்கூடம் கையில் இருப்பதுபோல்.

சோடாவைக் கழுவ வேண்டும். இங்கேதான் பலர் நிறத்தைச் சாக்கடையில் விடுகிறார்கள். வெறும் தண்ணீரை ஊற்றினால், உப்புநீரில் இருந்து பழகிய செல் தண்ணீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். தொட்டி நீரில் உள்ள அளவுக்கு உப்பு கரைத்த தண்ணீரில் ஒரே ஒருமுறை, வேகமாகக் கழுவுங்கள். அப்புறம் துணியை மடித்துப் பலகைக்கு இடையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். கையில் ஒட்டாமல் களிம்பாக வந்துவிட்டால் போதும். அந்தக் களிம்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் எடை.

நீலத்தை இறக்குவது

களிம்பை ஒரு பிளாஸ்டிக் பையில் மெல்லிய தகடாகத் தட்டி உறைபெட்டியில் இரவு முழுக்க வைக்கவும். உள்ளே உருவாகும் பனிக்கட்டி ஊசி செல் சுவரைக் கிழிக்கும். மறுநாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் உருகவிடவும். வெளியே வைத்து உருக்காதீர்கள், வெயில் ஊரில் அது அரை மணியில் நாற ஆரம்பிக்கும். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை பையைத் திறக்கும்போதே ஓரங்களில் நீலம் கசிந்து நிற்கும்.

இப்போது களிம்பின் எடையைப்போல் ஐந்து மடங்கு குளிர்ந்த நீர் சேர்த்துக் கலக்கி, மூடி, இருட்டில், குளிர்பெட்டியில் ஒரு இரவு வைக்கவும். பச்சையம் தண்ணீரில் கரையாது, பைகோசயனின் கரையும். காலையில் அடியில் பச்சைச் சேறும் மேலே நீலமுமாகப் பிரிந்திருக்கும். அசைக்காமல் மேல்நீரை ஊற்றி, முதலில் துணியிலும் பிறகு வடிதாளிலும் வடிகட்டுங்கள். வடிதாளில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், அதையும் குளிர்பெட்டிக்குள் வைத்துத்தான் செய்கிறேன்.

கிடைத்த நீலத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சுத்த நீலம். அதையே கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்து, பக்கத்திலிருந்து வெயில் விழும்படி பாருங்கள்: ரத்தச் சிவப்பாக மினுங்கும். 620 நானோமீட்டர் பக்கம் ஒளியை விழுங்கி, சற்றே நீண்ட அலையில் சிவப்பாகத் திருப்பி விடும் குணம் அது. முதல்முறை பார்த்தபோது குழாயில் ஏதோ கலந்துவிட்டது என்று பயந்து கொட்டப் போனேன். புரதம் கெடாமல் இருக்கிறது என்பதற்கு இதைவிட மலிவான சாட்சி கிடையாது. சூட்டில் கெட்ட நீலத்தில் அந்தச் சிவப்பு முதலில் மங்கும், நீலம் அப்புறம்தான் போகும்.

நிறமாலைமானியில், அதாவது ஒவ்வொரு அலைநீளத்திலும் கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவியில், பார்க்க வசதி இருந்தால், 615 நானோமீட்டரில் கிடைக்கும் அளவிலிருந்து, 652-இல் கிடைக்கும் அளவை 0.474-ஆல் பெருக்கிக் கழியுங்கள். மிச்சத்தை 5.34-ஆல் வகுத்தால் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் பைகோசயனின் என்று வரும். 1973-இல் பென்னட், போகோராட் இருவரும் கொடுத்த கணக்கு. 620-இன் அளவை 280-இன் அளவால் வகுத்தால் சுத்தம் தெரியும், 0.7-க்கு மேல் இருந்தால் உணவுத் தரம் என்பது வழக்கம்.

அன்றைக்கே நீலம் இறக்க முடியவில்லையா? களிம்பை நூல் நூலாகப் பிழிந்து, நிழலில், மின்விசிறிக் காற்றில், 45 டிகிரிக்குள் காயவையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். நான் வைத்திருக்கிறேன்: நொறுநொறுவென்று அழகாகக் காய்ந்தது, ஊறவைத்தால் சாயம் போன துணி அலசிய தண்ணீர் மாதிரி வந்தது. நிழலில் காய்ந்ததைக் காற்றுப்புகாத டப்பாவில் இருட்டில் வைத்திருந்து, வேண்டும்போது குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் நீலம் இறங்கும். காய்ந்ததிலேயே செல் உடைந்திருப்பதால் உறையவைக்கும் வேலை மிச்சம்.

நீலத்தை வைத்திருப்பது

பைகோசயனினுக்குப் பிஹெச் 5.5 முதல் 6 வரை சுகமான இடம். சிட்ரிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு அங்கே கொண்டுவரலாம். அவசரப்பட்டு 4-க்கு இறக்கிவிட்டால் நீலம் திரிதிரியாகத் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். ஒரு வாரத்து உழைப்பை ஒரு கரண்டியில் அப்படித் திரித்துவிட்டு, அந்தப் பாட்டிலை ரொம்ப நாள் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தேன்.

சூடு 45-ஐத் தாண்ட விடாதீர்கள். சர்க்கரை நிறையக் கரைத்தால் புரதம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நீலத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை சேர்த்துத்தான் நான் உறைய வைக்கிறேன். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் வேண்டும்போது ஒரு கட்டி எடுத்தால் போதும். உருகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

எதற்குப் பயன்படும் என்றால், குளிர்ந்தவற்றுக்கும் புளிப்பில்லாதவற்றுக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் முதலில் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் ஸ்பைருலினா நீலத்தை அனுமதித்தது, பிறகு பட்டியல் நீண்டது. வீட்டில் எடுத்ததை உணவில் கலக்குமுன் நுண்ணுயிர், கன உலோகம், மைக்ரோசிஸ்டின் (முன்பு சொன்ன மைக்ரோசிஸ்டிஸின் நஞ்சு) மூன்றுக்கும் சோதனைக்கூடத்தில் பார்த்துவிடுங்கள். என்னுடையது பெரும்பாலும் நீர்வண்ணமாகத் தாளுக்குத்தான் போகிறது. மூடிய நோட்டுக்குள் நன்றாக நிற்கிறது. சுவரில் மாட்டினால் சில வாரத்தில் மங்கும். துணிக்கு இது ஆகாது, கேட்டு வருபவர்களை அவுரி பக்கம் அனுப்பிவிடுகிறேன். சோப்புக்கும் ஆகாது, காரத்தில் வெளுக்கும்.

தொட்டி ஏதாவது சொன்னால்

மஞ்சளாகிறதா, முதலில் நைட்ரேட். இரண்டு நாளில் திரும்பாவிட்டால் இடிடிஏ இரும்பு. கொழகொழவென்று நுரைத்துத் துணியில் வடியவே மறுத்தால் வெளிச்சம் அதிகம், நைட்ரஜன் குறைவு. நிழலைக் கூட்டி, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். நுண்ணோக்கியில் சுருள்கள் நேராகிக் குச்சி குச்சியாகத் தெரிந்தால் அந்தக் கல்ச்சரை வளர்த்துக்கொண்டிருக்காதீர்கள். நேரான இழை துணிக்குள் நழுவும், சுருள் பெரும்பாலும் திரும்ப வராது. ரோட்டிஃபர் என்ற நுண்பிராணி பாசியை மேய்வதைப் பார்த்தால் தொட்டியைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, புது விதையிலிருந்து தொடங்குவதுதான் சுலபம். மருந்தெல்லாம் முயன்று நேரத்தை விட்டிருக்கிறேன். எதுவும் ஆகாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதிக் கரைசலை மாற்றிவிடுகிறேன்.

தாய்க்கல்ச்சரை மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். என்னுடையது வீட்டுக்குள் வடக்கு ஜன்னல் ஓரம், இரண்டு 1 லிட்டர் பாட்டில்களில், தனித்தனி அறையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பேன். மாதம் ஒருமுறை பாதியைக் கொட்டிப் புதுக் கரைசல் ஊற்றுவேன். அந்த 44 டிகிரி மதியத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு முறை தொட்டி போயிருக்கிறது. இரண்டு முறையும் ஜன்னல் ஓரத்துப் பாட்டிலிலிருந்துதான் திரும்ப ஆரம்பித்தேன். 100 லிட்டர் பச்சையாக மூன்று வாரம் ஆயிற்று.